சத்துவாச்சாரி மாடி வகுப்பு: அடிப்படை இங்கிலீஷ், மாசம் 600 ரூபா

இந்த வகுப்புக்குப் பேரு கிடையாது, போர்டு கிடையாது, ரசீதும் கிடையாது. வேலூர் சத்துவாச்சாரியில ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க வீட்டு மாடி, மேல தகர ஷீட்டு. பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளை போர்டு, ஒரு டேபிள் ஃபேன். வாரத்துல நாலு நாள், மத்தியானம் ரெண்டரையிலேர்ந்து நாலு மணி வரைக்கும். மாசம் 600 ரூபா, முதல் வாரத்துல கையில கொடுத்துடணும். தன் பேரைப் போடக் கூடாதுன்னு டீச்சரே சொல்லிட்டாங்க. "பதிமூணாவது ஆளு வந்தா மாடிப்படியிலதாம்மா உக்காரணும்"னாங்க. அதனால இது விளம்பரம் இல்ல. ஸ்போக்கன் இங்கிலீஷ்னு போர்டைப் பார்த்துட்டு ஆயிரக்கணக்குல கொட்டப் போறவங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சுக்கட்டும்னுதான் எழுதறேன்.

நான் யாருன்னு சொன்னாத்தான் என் கருத்தை எந்த அளவுக்கு எடுத்துக்கலாம்னு உங்களுக்குத் தெரியும். தோட்டப்பாளையத்துல சந்துக்குள்ள எங்க வீடு. மேல் ரெண்டு மாடியையும் ரூம் ரூமா பிரிச்சு, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடறோம். ரூமுக்கு ஒரு கேஸ் அடுப்பு, குக்கர், நாலு பாத்திரம். 1900ல ஒரே ஒரு கட்டில் போட்டு ஐடா ஸ்கடர்ங்கற டாக்டரம்மா ஆரம்பிச்ச அந்த ஆஸ்பத்திரி, இன்னைக்கு எங்க தெருவுல பாதி வீட்டுக்குச் சோறு போடுது. வர்றவங்கள்ல நிறையப் பேர் வங்காளம், ஜார்க்கண்ட், பீகார்க்காரங்க, பங்களாதேஷ்க்காரங்களும் உண்டு. எங்க சந்துல மளிகைக் கடை போர்டுகூட வங்காள எழுத்துல இருக்கும். நான் படிச்சது குடியாத்தம் பக்கம், தமிழ் மீடியம், பத்தாவது வரைக்கும். 1968லேர்ந்து நம்ம ஊருல இருமொழிதான், இந்திப் புத்தகத்தைக் கண்ணால பார்த்ததில்ல. ஆனா இந்தி எனக்கு வரும். பாத்திரம் எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கியே வந்துடுச்சு.

இங்கிலீஷ் அப்படி வரல. மிசோரம், நாகாலாந்து, மேகாலயாவுலேர்ந்து வர்றவங்க நம்மகிட்ட இங்கிலீஷ்தான் பேசுவாங்க. நாகாலாந்துல இங்கிலீஷ்தான் அரசு மொழியே. மிசோரம் பாட்டிங்க சில பேருக்கு இந்தி சுத்தமா தெரியாது. ரொம்ப மரியாதையான ஜனங்க, சத்தம் போட மாட்டாங்க, ரூமைக் காலி பண்ணும்போது துடைச்சு வச்சுட்டுப் போவாங்க. அவங்க கேக்குறதுக்கு நான் "எஸ் எஸ்"னு தலையாட்டி, அப்புறம் என் பொண்ணைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்ற நிலைமை. பொண்ணு இப்போ காலேஜு போயிட்டா. இதுதான் நான் வகுப்பு தேடின கதை.

இதுக்கு முன்னாடி மெயின் ரோட்டுல ஒரு பெரிய சென்டர்ல சேர்ந்தேன். பேரு வேணாம். 4,500 ரூபா, ஏசி ஹால், நாப்பது பேர். முதல் நாளே போர்டு முழுக்க டென்ஸ் கட்டம். பக்கத்துல உக்காந்திருந்த பையன் இன்ஜினியரிங் முடிச்சுட்டு இன்டர்வியூவுக்குப் போறவன், அவனுக்கு அது சரி. எனக்குக் கையில கொடுத்தது ஜெராக்ஸ் போட்ட ஒரு புத்தகம்: பழங்கள், பூக்கள், காட்டு மிருகங்கள், உலோகங்கள்னு வரிசையா. எங்க ரூமுக்குக் காண்டாமிருகம் யாரும் கூட்டிட்டு வரல. இதுல இன்னொரு கொடுமை, ஒவ்வொரு வார்த்தைக்கும் உச்சரிப்பை நம்ம எழுத்துல போட்டிருந்தாங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு இடத்துல "பேன்"னு இருக்கு. ஒண்ணு மேல சுத்துறது, இன்னொண்ணு அடுப்புல வைக்கிறது. மனப்பாடம் பண்ணினா நமக்கு ஞாபகம் வர்றது தலையில ஊர்றதுதான். நடுவுல நின்னுட்டேன், பணம் திரும்ப வரல.

போன்ல ஒரு ஆப்பும் போட்டுப் பார்த்தேன். அதைத் திட்ட மாட்டேன். காசு இல்ல, திரும்பத் திரும்பச் சொல்லும், நம்மைப் பார்த்துச் சிரிக்காது. ஆனா பையன் ஆப்பிள் சாப்பிடுறான், பூனை பால் குடிக்குதுன்னு ரெண்டு மாசமானாலும் அதே பையன், அதே பூனை. தூக்கம் வராத ராத்திரிக்கு நல்லது.

மாடி வகுப்புல முதல் கால் மணி நேரம் டீச்சர் எதுவுமே சொல்லித் தர மாட்டாங்க. நாமதான் சொல்லணும். ஆளுக்கு ஒரு நூறு பக்க நோட்டு. நேத்து காதுல விழுந்து புரியாத வார்த்தை எதுவோ அதை எழுதிட்டு வரணும். ஸ்பெல்லிங் தெரியலைன்னா பரவாயில்ல. எங்க கேட்டோம், யார் சொன்னாங்க, சொல்லும்போது கை என்ன பண்ணுச்சு, மூஞ்சி எப்படி இருந்துச்சு, அதையெல்லாம் சொல்லணும். மெடிக்கல் ஷாப்புல வேலை செய்ற பையன், தையல்கார அக்கா, ஒரு ஆட்டோ தம்பி, பேக்கரியில பில் போடுற பொண்ணு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில பேக்கிங்ல இருந்து நின்னுட்ட ஒரு அண்ணன், இப்படி ஒரு கூட்டம். எல்லாரும் சேர்ந்து அது என்ன வார்த்தையா இருக்கும்னு கண்டுபிடிப்போம். தையல்கார அக்கா கொண்டு வந்த வார்த்தை அடுத்த வாரம் எனக்கு உதவும்னு நினைச்சே பார்த்ததில்ல. மெத்தை உறையை ஒரு அம்மா "டூ லூஸ்"னு சொன்னப்போ டக்குனு பிடிச்சுக்கிட்டேன்.

நான் ஒரு நாள் "ட்ரிப்"னு எழுதிட்டுப் போனேன். பாத்ரூம்ல நின்னுகினு ஒரு மிசோ அம்மா சொன்னது. டூர் போறதைச் சொல்றாங்களோன்னு ஆட்டோ தம்பி கேட்டான். "கை எப்படி வச்சிருந்தாங்கம்மா?"ன்னு டீச்சர் கேட்டாங்க. விரலைக் குவிச்சு கீழே கீழே உதறினாங்கன்னு செஞ்சு காட்டினேன். டீச்சர் ஒண்ணும் பேசாம எழுந்து, மாடியிலேயே இருக்குற பாத்ரூமுக்கு எங்களை அழைச்சுட்டுப் போயிட்டாங்க. பன்னிரண்டு பேரும் வாசல்ல நிக்கறோம். குழாயைக் கொஞ்சம் விட்டு மூடினாங்க, சொட்டுச் சொட்டா விழுது: டிரிப்பிங். ரப்பர் டியூப்புல ஒரு ஓட்டை இருந்துச்சு, அதுலேர்ந்து பீச்சுது: லீக்கிங். பக்கெட்டை வச்சு முழுசாத் திறந்துவிட்டாங்க, வழிஞ்சு ஓடுது: ஓவர்ஃப்ளோ. அப்புறம் கீழ ஜல்லடை மேல ஒரு துணியைப் போட்டாங்க. தண்ணி தேங்கி எங்க கால் வரைக்கும் வந்துச்சு: பிளாக்டு. "இப்போ நீ வீட்டுக்காரி, இவன் வாடகைக்கு வந்தவன், பேசுங்க"ன்னு என்னையும் மெடிக்கல் பையனையும் நிறுத்தினாங்க. அவன் துணியைக் காட்டி "பிளாக்டு"ங்கறான், நான் "ஐ வில் சென்ட் த பிளம்பர்"ங்கறேன். நாலு வார்த்தை. எந்தப் புத்தகத்துலயும் இந்த நாலும் ஒரே பக்கத்துல இருக்காது. ஆனா என் பொழைப்பு அதுலதான் ஓடுது.

நம்ம எழுத்துல உச்சரிப்பு எழுதறதுக்கு இங்க தடை. நோட்டுல பார்த்தா அடிச்சுடுவாங்க. காதால கேட்டு, வாயால சொல்லி, அப்புறம்தான் இங்கிலீஷ் எழுத்துல எழுதணும். முதல் மாசம் இது பெரிய தலைவலி. எழுதி வச்சுக்கலைன்னா மறந்துடுமேன்னு நாங்க எல்லாம் முனகினோம். (இப்போ நான் இங்க எழுதறதை டீச்சர் பார்த்தா என் கதை கந்தல்.) இன்னொரு பழக்கத்தையும் விட்டு வைக்க மாட்டாங்க. பஸ்ஸு, கேட்டு, பக்கெட்டுன்னு கடைசியில ஒரு "உ" போடுவோம் இல்ல, அதை வெட்டச் சொல்வாங்க. இஸ்டேஷன், இஸ்கூல்னு முன்னாடி போடுற "இ"யையும். ஷூ கம்பெனி அண்ணன் மட்டும் இன்னும் இஸ்டாக்குதான்.

எண்ணுக்கு இவங்க கொடுக்குற நேரத்தைப் பார்த்து ஆரம்பத்துல எனக்கு எரிச்சல். ஒண்ணு ரெண்டு தெரியாதா எங்களுக்கு? அப்புறம் புரிஞ்சுது, தெரியறது வேற, எதிராளி வேகமாச் சொல்லும்போது பிடிக்கறது வேற. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. தர்ட்டீன், தர்ட்டி. ஒரு ரூம் நாளைக்கு 650ன்னு நான் சொல்றது அவங்களுக்கு 615னு விழுந்தா, காலி பண்ற அன்னைக்கு மனஸ்தாபம். பதினஞ்சுல பின்பாதியை இழுத்து அழுத்தணும், அம்பதுல முன்பாதியை அழுத்திட்டு பின்னாடி சட்டுனு விடணும்னு டீச்சர் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தாங்க. சந்தேகம் வந்தா "ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா"ன்னு கேளுங்க, அதுல வெட்கம் இல்லன்னாங்க. பழைய கரண்ட் பில், மளிகை பில் எல்லாம் ஒரு பையில வச்சிருக்காங்க. ஒருத்தர் படிக்கணும், மத்தவங்க எழுதணும், அப்புறம் ஒத்துப் பார்க்கணும். எனக்கு 4,500ல கிடைக்காதது அந்தப் பையில கிடைச்சுது.

சிரிப்பும் உண்டு. காட்பாடி ஸ்டேஷன்ல ராத்திரி பத்து மணிக்கு இறங்கின ஒரு குடும்பம் ஆட்டோ தம்பிகிட்ட "ஹோட்டல்"னு கேட்டிருக்கு. இவன் மூணு சூட்கேஸையும் ஏத்திகினு நேரா பிரியாணிக் கடை வாசல்ல நிறுத்திட்டான். "பசியில வந்திருக்காங்கன்னு நெனைச்சேன்க்கா, இன்னா பண்றது"ங்கறான். அவங்க தூங்க இடம் கேட்டிருக்காங்க. அன்னைக்கு வகுப்பு முழுக்க, நாம தினம் சொல்றதுல எதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு வேற மாதிரி விழும்னு ஒரு பட்டியல். கரண்ட் போச்சுன்னு சொல்லாம பவர் இல்லன்னு சொல்லுங்க, டிபன் ரெடின்னா சில பேர் டப்பாவைத் தேடுவாங்க, இப்படி.

ஆஸ்பத்திரி வார்த்தைக்கு தனியா ரெண்டு வகுப்பு எடுத்தாங்க, நானும் மெடிக்கல் பையனும் கேட்டதால. எனக்கு வேண்டியது நோய்ப் பேரு இல்ல. அது எனக்குத் தேவையும் இல்ல, கேக்குறது நாகரிகமும் இல்ல. அவங்க எந்த நேரத்துக்குக் கிளம்பணும், என்ன சாப்பிடலாம், எத்தனை நாள் இருப்பாங்க, இதுதான். ரத்த டெஸ்ட்டுச் சீட்டுல ஃபாஸ்டிங்னு எழுதியிருந்தா, டெஸ்ட்டுக்கு முன்னாடி எட்டு மணி நேரமாவது வெறும் வயிறு, தண்ணி மட்டும் குடிக்கலாம். அப்போ நான் காலங்காத்தால டீ போட்டுத் தட்டக் கூடாது. ரிப்போர்ட்டு, ரிவ்யூ, அட்மிஷன், டிஸ்சார்ஜ் எல்லாம் நம்ம வாயிலேயே புழங்குற வார்த்தைங்கதான். "டாக்டர் சேஸ் ரிவ்யூ ஆன் மண்டே"ன்னு ஒருத்தர் சொன்னா, திங்கள் வரைக்கும் ரூம் வேணும்னு அர்த்தம்னு இப்போ எனக்கே தெரியுது.

இனி குறை.

டீச்சருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 1930ல சார்லஸ் ஆக்டன்னு ஒரு இங்கிலாந்துக்காரர், 850 வார்த்தை இருந்தா இங்கிலீஷ்ல காரியம் நடத்தலாம்னு ஒரு பட்டியல் போட்டாராம். 600 பொருள் பேரு, 150 குணம் சொல்ற வார்த்தை, மிச்சம் 100 வாக்கியத்தைக் கோக்கிற வார்த்தை. அந்த நூறுல வினைச்சொல் வெறும் 18. கம், கெட், கிவ், கோ, கீப், மேக், புட், டேக், இந்த மாதிரி. இந்தப் பதினெட்டை வச்சே எல்லாத்தையும் சொல்லுங்கன்னு நம்மை விரட்டுவாங்க. பேசுறதுக்கு அது நல்லாத்தான் இருக்கு. "புட் த பக்கெட் ஹியர்", "கீப் த கீ", "கிவ் மீ த பில்" எல்லாம் வாயில வந்துடுச்சு. கேக்குறதுக்கு உதவல. எதிராளி அந்தப் பதினெட்டோட நிக்க மாட்டாங்களே. எங்க வாசல்ல தினமும் விழற வார்த்தை எக்ஸ்டெண்ட், வெகேட், ரீஃபண்ட், கேன்சல். இது ஒண்ணும் அந்த 850ல கிடையாது, நான் டீச்சர் பட்டியல்லயே தேடிப் பார்த்துட்டேன். போதாக்குறைக்கு கெட், புட், டேக்குக்குப் பின்னாடி ஆஃப், அவுட், அப்னு ஒட்டினா அர்த்தமே தலைகீழா மாறிடுது. டேக் ஆஃப்னா செருப்பைக் கழட்டறது, புட் ஆஃப்னா தள்ளிப் போடறது. நேரா ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துட்டுப் போயிடலாம். நான் இதைச் சொன்னேன். "உன் நோட்டு எதுக்கு இருக்கு, அதுல எழுதிக்கோ"ன்னுட்டாங்க. எழுதிக்கிட்டேன். அந்த நோட்டு மட்டும் இல்லைன்னா இந்த வகுப்புக்கு நான் பாதி மார்க்குதான் போடுவேன்.

ரெண்டாவது, எழுத்து. இப்போ ரூம் புக்கிங்ல முக்கால்வாசி வாட்ஸ்அப்புலதான் வருது. வர்றவங்க மெசேஜைப் படிச்சு ரெண்டு வரி பதில் போடணும். வாய்ப்பேச்சுக்கு இவ்வளவு நேரம் எடுக்குற டீச்சர், இதுக்கு மாசத்துல ஒரு நாள் கூட ஒதுக்க மாட்டேங்கறாங்க. போன்ல பேசுறதும் அப்படித்தான். எதிர்ல ஆளு இருந்தா கையைப் பார்த்துப் புரிஞ்சுக்கலாம், போன்ல கை ஏது? இந்த ரெண்டையும் என் பொண்ணுகிட்டதான் கத்துக்கறேன், அவ அவசரத்துக்கு ஏத்த மாதிரி.

மூணாவது, வெயில். நம்ம ஊரு மே மாசம் தெரியும் இல்ல, நாப்பது டிகிரிக்கு மேல. மத்தியானம் ரெண்டரை மணிக்கு தகர ஷீட்டுக்குக் கீழ ஒரு டேபிள் ஃபேன். அது முன்வரிசையில உக்காந்திருக்குற மூணு பேருக்குத்தான் காத்து. முன்வரிசைக்காரங்க வாய்க்காரங்களாவும் இருப்பாங்க, கேள்வி பூரா அவங்களுக்கே போகும். பின்னாடி உக்காந்த பேக்கரி பொண்ணு வாயே திறக்காம ஒரு மாசம் ஓட்டிடுச்சு. டீச்சர் அதைக் கவனிக்கணும்.

சர்டிபிகேட் கிடையாது. வேலைக்குப் போக, இன்டர்வியூவுக்குத் தயாராக வேணும்னா, அந்த ஏசி ஹால் மாதிரி இடம்தான் சரி. இலக்கணம் ஒழுங்கா வேணும்னாலும் இங்க வராதீங்க. "ஹீ கோ"ன்னு சொன்னா ஒரு தடவை திருத்துவாங்க, மறுபடி சொன்னா விட்டுடுவாங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு, ஷூ கம்பெனி அண்ணனுக்குப் பிடிக்கல. "தப்புத் தப்பா பேசறதுக்கு இன்னாத்துக்கு காசு"ன்னு கேட்டார். அவர் மறுபடி கம்பெனியில சூப்பர்வைசராப் போகணும்னு பார்க்கறவர், அவர் கேக்குறதும் நியாயம்தான்.

யாருக்கு இது சரிப்படும்னா, கடை, ரூம், ஆட்டோ, மெஸ், தையல்னு தினமும் வெளியூர்க்காரங்க முகத்தைப் பார்க்குற ஆளுங்களுக்கு. வீட்டுல இருந்துகினே கத்துக்கலாம்னு வர்றவங்களுக்கு அந்த நோட்டு காலியாவே இருக்கும், அதனால வகுப்பும் பாதிதான் பிடிபடும். எங்கூட சேர்ந்த ஒரு அம்மா, பேரன்கிட்ட பேசணும்னு வந்தவங்க, நோட்டுல எழுத ஒண்ணும் இல்லன்னு நின்னுட்டாங்க. பேரன் அமெரிக்காவுல, ஞாயித்துக்கிழமை மட்டும் வீடியோ கால்.

வேற எங்கயாவது சேரப் போறீங்கன்னாலும், பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் பின்வரிசையில உக்காந்து பாருங்க. போர்டுல எழுதுற வார்த்தை எங்கேர்ந்து வருது, அவங்க புத்தகத்துலேர்ந்தா, உங்க வாசல்லேர்ந்தா? ஒரு மணி நேரத்துல உங்க வாய் எத்தனை தடவை திறந்துச்சு? ஒரு நாள் உக்காந்து பார்க்க விட மாட்டோம்னு சொன்னா நடையைக் கட்டுங்க. இந்த டீச்சர் ரெண்டு நாள் சும்மா உக்கார விட்டாங்க, மோர் வேற கொடுத்தாங்க.

இங்கேயே வரணும்னா சில விஷயம். வெள்ளி, சனி, ஞாயிறு வகுப்பு இல்ல. படி செங்குத்து, முட்டி வலி உள்ளவங்க யோசிச்சு வாங்க. தண்ணி பாட்டில், விசிறி ரெண்டும் கையில இருக்கட்டும். ஆடிக் கிருத்திகைக்கு டீச்சர் ரத்தினகிரி போயிடுவாங்க, அந்த வாரம் முழுக்க லீவு, காசு கழிக்க மாட்டாங்க. இப்போதைக்கு ஒரே ஒரு நாற்காலி காலி. தையல்கார அக்கா தன் பொண்ணோட பிரசவத்துக்குப் போயிருக்காங்க, ஆடி முடிஞ்சதும் வந்துடுவாங்க. அதுவரைக்கும்தான் அந்த இடம்.